தொலைநோக்கி மவுண்டைக் கணினியோடு இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொன்ன இலக்குக்குத் தானே திரும்பும் கோ-டூ வசதியுள்ள மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அடித்தளம்) ஒன்றை வாங்கி, மொட்டை மாடியில் நிறுத்தி, வியாழனையும் சனியையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து ஒரு ஆசை எழும். லேப்டாப்பில் வான வரைபடத்தைத் திறந்து ஒரு விண்மீனைச் சொடுக்கினால் தொலைநோக்கி தானே அங்கே திரும்ப வேண்டும். அதற்கு ஒரு கேபிள் தேவை. அந்தக் கேபிளில்தான் பெரும்பாலோர் சிக்கிக்கொள்கிறார்கள். சென்னை நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். செலஸ்ட்ரான், ஸ்கை-வாச்சர், மீட் ஆகிய மவுண்ட்களையும், சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் ஆன்ஸ்டெப் என்ற கட்டுப்பாட்டு அமைப்பையும் மனத்தில் வைத்து எழுதியது இது. கைப்பெட்டி என்று நான் குறிப்பிடுவது ஹேண்ட் கண்ட்ரோலரை.

சீரியல் இணைப்பு பழைய காலத்து விஷயம் ஆயிற்றே. யுஎஸ்பி, வைஃபை எல்லாம் வந்த பிறகும் அதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

உங்கள் மவுண்டில் யுஎஸ்பி சாக்கெட் இருந்தாலும், அதற்குப் பின்னால் யுஎஸ்பியைச் சீரியலாக, அதாவது ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் பழைய முறைக்கு, மாற்றும் ஒரு சில்லுதான் பொதுவாக உட்கார்ந்திருக்கிறது. வைஃபை இருந்தாலும் காற்றில் போய்ச் சேருபவை அதே சீரியல் கட்டளைகளே. ஆகவே, எந்த வழியில் இணைத்தாலும் கோளாறு வரும்போது நீங்கள் தேடிப் போக வேண்டிய இடம் இதுதான்.

வேகம் போதாது என்ற கவலையும் வேண்டாம். பெரும்பாலான மவுண்ட்கள் பேசும் வேகம் விநாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட் ஒன்று, தகவல் பிட் எட்டு, நிறுத்த பிட் ஒன்று என மொத்தம் 10 பிட். அதாவது விநாடிக்கு 960 எழுத்துகள். மீட் நிறுவனத்தின் எல்எக்ஸ்200 என்ற கட்டளை முறையில் "இப்போது எந்த வலஏற்றத்தில் (வானத்தில் தீர்க்கரேகை போன்ற அளவு) இருக்கிறாய்" என்று கேட்க 4 எழுத்துகள், மவுண்டின் விடைக்கு 9 எழுத்துகள். ஆக 13 எழுத்துகள் போய்வர 14 மில்லி விநாடிகூட ஆகாது. அந்த நேரத்தில் வானம் நகரும் தொலைவு 0.2 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). எந்த வேலைக்கும் இது தாராளம்.

மவுண்டில் உள்ள சாக்கெட்டுகள் எல்லாம் டெலிபோன் சாக்கெட் மாதிரியே இருக்கின்றன. எதில் எதைச் செருகுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள். ஒரே வடிவத்தில் இருப்பதால் மட்டும் இரண்டு சாக்கெட்டுகள் ஒன்றாகிவிடுவதில்லை. மவுண்ட்கள் எரிந்துபோவது பெரும்பாலும் இங்கேதான்.

செலஸ்ட்ரான் மவுண்ட்களை எடுத்துக்கொள்வோம். அடிப்பாகத்தில் ஆக்ஸ் என்று எழுதியிருக்கும் சாக்கெட் 6 பின் கொண்டது. ஆட்டோகைடு என்று எழுதியிருக்கும் சாக்கெட்டும் அதே 6 பின். இரண்டுக்கும் ஒரே பிளக் பொருந்தும். ஆனால் ஆக்ஸ் சாக்கெட்டின் ஒரு பின்னில் 12 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. கைப்பெட்டி உயிர் பெறுவதே அதிலிருந்துதான். கைடு கேமராவின் (படமெடுக்கும்போது ஒரு விண்மீனைக் கவனித்து மவுண்டின் நகர்வைத் திருத்தும் கேமரா) கேபிளைத் தவறுதலாக ஆக்ஸில் செருகினால், அந்த 12 வோல்ட் கேமராவின் மென்மையான மின்சுற்றுக்குள் போகும். கேமராவோ மவுண்டோ பழுதாகலாம்.

கணினியை இணைக்க வேண்டிய சாக்கெட் பெரும்பாலும் மவுண்டில் இல்லை, கைப்பெட்டியின் அடியில் இருக்கிறது. செலஸ்ட்ரானின் பழைய நெக்ஸ்டார் கைப்பெட்டியில் அது 4 பின் கொண்ட சிறிய சாக்கெட். டெலிபோன் ரிசீவரின் சுருள் கம்பியில் இருக்கும் அதே அளவு. புதியவற்றில் மினி யுஎஸ்பி. ஸ்கை-வாச்சரின் பழைய சின்ஸ்கேன் கைப்பெட்டியில் மவுண்டுக்குப் போகும் 8 பின் சாக்கெட் தனி, கணினிக்கான 6 பின் சாக்கெட் தனி. மீட் ஆட்டோஸ்டார் 497 கைப்பெட்டியிலும் கணினிக்கு 4 பின்தான். ஆனால் மீட் கேபிளை செலஸ்ட்ரானுக்கு மாற்றிப் போடாதீர்கள். பின்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சாக்கெட்டுகளின் பக்கத்தில் உள்ள எழுத்துகள் இருட்டில் தெரியாது. பகலிலேயே ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அதன் கேபிளுக்கும் ஒரே நிற டேப்பை ஒட்டிவிடுங்கள்.

ஆர்எஸ்-232, டிடிஎல் என்று இரண்டு வகை சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

இரண்டும் ஒரே வரிசையில் ஒரே பிட்களை அனுப்புகின்றன. மாறுவது வோல்டேஜ்.

ஆர்எஸ்-232 முறையில் 1 என்ற பிட் எதிர்மறை வோல்டேஜ், 0 என்ற பிட் நேர்மறை வோல்டேஜ். பெறும் பக்கத்தில் 3 முதல் 15 வோல்ட் வரை, இரு திசைகளிலும் ஏற்கப்படும். டிடிஎல் முறையில் 0 என்பது பூஜ்யத்தை ஒட்டிய வோல்டேஜ். 1 என்பது 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட். ஆக, வோல்டேஜின் அளவும் வேறு, 1 எது 0 எது என்பதும் தலைகீழ். ஆர்எஸ்-232 கம்பியை டிடிஎல் சாக்கெட்டில் கொடுத்தால், 5 வோல்ட்டுக்கு மேல் பார்த்தறியாத ஒரு பின்னில் கழித்தல் 10 வோல்ட் போய் இறங்கும். அந்தப் பின்னுக்குப் பின்னால் இருப்பது மோட்டார் பலகையின் மூளை.

நெக்ஸ்டார், பழைய சின்ஸ்கேன், ஆட்டோஸ்டார் ஆகிய கைப்பெட்டிகளின் கணினி சாக்கெட்டில் ஆர்எஸ்-232. ஸ்கை-வாச்சர் மவுண்டின் உடலில் கைப்பெட்டி செருகும் சாக்கெட்டில் டிடிஎல். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் பின்களில் 3.3 வோல்ட் டிடிஎல். அது 5 வோல்ட்டைக்கூடத் தாங்காது. ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் 5 வோல்ட். ஆர்எஸ்-232க்கும் டிடிஎல்லுக்கும் நடுவில் மாற்றிக் கொடுக்க மேக்ஸ்232 என்ற சில்லு இருக்கிறது. 3.3 வோல்ட்டுக்கு அதன் தம்பி மேக்ஸ்3232. இரண்டும் சிறு பலகைகளாகவே ரிச்சி தெருக் கடைகளில் கிடைக்கும்.

கையில் இருக்கும் கேபிள் எந்த வகை என்று தெரியாவிட்டால், அதை மவுண்டில் செருகாமல் கணினியில் மட்டும் செருகி, அனுப்பும் பின்னுக்கும் தரைப் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது கழித்தல் வோல்டேஜ் காட்டினால் ஆர்எஸ்-232. கூட்டல் 5 அல்லது 3.3 காட்டினால் டிடிஎல். இந்தச் சோதனையைச் செய்யாமல் யார் கொடுத்த கேபிளையும் செருகாதீர்கள், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

கைப்பெட்டியை விட்டுவிட்டு மவுண்டில் நேராக இணைக்கும் ஈக்யூடைரக்ட் கேபிள் நல்லதா?

ஸ்கை-வாச்சரின் ஹெச்ஈக்யூ5, ஈக்யூ6 போன்றவற்றுக்கு, வானப்படம் எடுப்பவர்களுக்கு, நல்லது. கைப்பெட்டி விலகிவிடுவதால் ஈக்யூமாட் போன்ற மென்பொருள் மோட்டாருடன் நேரடியாகப் பேசும். அந்தக் கேபிளின் தலையில் டிடிஎல் அளவில் பேசும் யுஎஸ்பி சில்லு இருக்க வேண்டும். யுஎஸ்பி உள்ளேயே பொருத்தி வரும் ஈக்யூ6-ஆர் ப்ரோ போன்ற புதிய மவுண்ட்களுக்கு இந்தக் கேபிள் தேவையில்லை; சாதாரண யுஎஸ்பி கேபிள் போதும். ஆனால் வேகத்தை 9600க்குப் பதிலாக 115200 என்று வைக்க வேண்டும். பலர் இங்கே 9600 வைத்துவிட்டு, மவுண்ட் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கண்ணால் மட்டும் பார்ப்பவர்களுக்கு என் பரிந்துரை கைப்பெட்டி வழியே இணைப்பதுதான். கேபிள் பிடுங்கிக்கொண்டாலும் கையில் பொத்தான்கள் இருக்கும்.

யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கும்போது எந்தச் சில்லு என்று கேட்டு வாங்க வேண்டும்?

எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232. விலை கூடுதல்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காரணம், சந்தையில் போலிச் சில்லுகள் நிறைய. ப்ரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சில்லில் பழைய வகைகளுக்கும் போலிகளுக்கும் அந்நிறுவனத்தின் புதிய டிரைவர் வேலை செய்ய மறுக்கிறது. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் "கோட் 10" என்ற பிழையும் வரும். அல்லது இந்தச் சில்லு 2012லேயே நிறுத்தப்பட்டது என்று எழுதிக் காட்டும். கேபிள் நேற்றுவரை வேலை செய்திருக்கும், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும் நின்றிருக்கும். பழைய பதிப்பு டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் பொதுவாக மீளும். எஃப்டிடிஐக்கும் போலிகள் உண்டு. 2014இல் அந்நிறுவனத்தின் டிரைவர் போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிச் செயலிழக்கச் செய்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது.

சிஹெச்340 மலிவு, பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். அதன் குறை, ஒவ்வொரு சில்லுக்கும் தனி வரிசை எண் இல்லாதது. மவுண்டுக்கு ஒன்று, ஃபோக்கஸருக்கு (குவியத்தைச் சரிசெய்யும் மோட்டார்) ஒன்று என இரண்டு சிஹெச்340 கேபிள்கள் இருந்தால் எது எது என்று கணினியால் பிரித்தறிய முடியாது. யுஎஸ்பி துளையை மாற்றிச் செருகினால் போர்ட் எண்ணும் மாறிவிடும்.

கேபிளைக் கணினி காட்டுகிறது, டிரைவரும் சரி. ஆனால் மவுண்ட் பதில் பேசவில்லை. எங்கிருந்து தேடுவது?

வானத்தை மறந்துவிட்டு, கணினிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படியாக மவுண்டை நோக்கிப் போங்கள். படி தாண்டினால் இரவு முழுவதும் வீணாகும்.

முதலில் போர்ட் எண். டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். எந்தக் காம் எண் மறைந்து தோன்றுகிறதோ அதுவே உங்களுடையது. மென்பொருளிலும் அதே எண்தானா?

அடுத்து கேபிளின் உயிர். 9 பின் தலை உள்ள கேபிள் என்றால், 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஒரு சிறு கம்பியால் தொடுத்துவிடுங்கள். 2 என்பது கணினி கேட்கும் பின், 3 என்பது பேசும் பின், 5 தரை. இப்போது புட்டி அல்லது டெரா டெர்ம் போன்ற டெர்மினல் நிரலில் எதையாவது தட்டினால், தட்டியதே திரும்பி வந்து திரையில் தெரிய வேண்டும். கம்பியை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். இது நடந்தால் கணினி, டிரைவர், யுஎஸ்பி கேபிள் மூன்றுமே குற்றமற்றவை. நடக்காவிட்டால் மவுண்டின் மேல் பழி போடாதீர்கள்.

அதன் பிறகு அமைப்புகள். வேகம் 9600, தகவல் பிட் 8, பாரிட்டி இல்லை, நிறுத்த பிட் 1, ஃப்ளோ கண்ட்ரோல் இல்லை. இந்தக் கடைசி அமைப்பைப் பலர் பார்ப்பதே இல்லை. மூன்று கம்பி மட்டுமே உள்ள கேபிளில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல் இயங்கினால், வராத அனுமதிக்காகக் கணினி காத்துக்கொண்டே இருக்கும். திரையில் பொருளற்ற எழுத்துகள் வந்தால் வேகம் தவறு. எதுவுமே வராவிட்டால் கம்பி தவறு அல்லது பேசும் பின்னும் கேட்கும் பின்னும் இடம் மாறியிருக்கின்றன.

கடைசியாக மவுண்டிடம் நேராகக் கேளுங்கள். நெக்ஸ்டாரிலும் சின்ஸ்கேனிலும் ஆங்கிலப் பெரிய கே எழுத்தை அனுப்பி, உடனே வேறு ஏதாவது ஓர் எழுத்தை அனுப்பினால், அந்த எழுத்தும் ஒரு ஹேஷ் குறியும் திரும்பி வரும். இணைப்பைச் சோதிக்கவே வைத்த எக்கோ கட்டளை இது. மோட்டார் அசையாது, அபாயமும் இல்லை. விடை வர மூன்றரை விநாடி வரை ஆகலாம் என்று செலஸ்ட்ரான் சொல்கிறது, எனவே பொறுமை வேண்டும். இங்கே விடை வந்துவிட்டால் மிச்சக் கோளாறு மென்பொருளில்தான்.

மவுண்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி எப்படி இருக்கும்? நானே நிரல் எழுத முடியுமா?

தாராளமாக. பள்ளி மாணவர்கள்கூடப் பைத்தானில் எழுதக்கூடிய அளவுக்கு எளிமையானது.

எல்எக்ஸ்200 முறையில் ஒவ்வொரு கட்டளையும் முக்காற்புள்ளியில் தொடங்கி ஹேஷில் முடியும். நடுவில் பெரிய ஜி, பெரிய ஆர் எழுத்துகளைப் போட்டால் வலஏற்றம் கேட்கிறீர்கள். ஜி, டி போட்டால் நடுவரை விலக்கம் (வானத்தில் அட்சரேகை போன்ற அளவு). பெரிய எஸ், சிறிய ஆர் போட்டு மணி-நிமிடம்-விநாடி கொடுத்தால் இலக்கின் வலஏற்றம் பதியும். பிறகு எம், எஸ் அனுப்பினால் தொலைநோக்கி திரும்பத் தொடங்கும். விடை 0 என்றால் கிளம்பிவிட்டது. 1 என்றால் இலக்கு அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. கியூ அனுப்பினால் உடனே நிற்கும். நிரல் எழுதத் தொடங்கும்போது முதலில் இந்தக் கியூவை ஒரு பொத்தானில் வைத்துவிட்டுப் பிறகு மற்றதை எழுதுங்கள்.

இந்த முறையில் இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள். பாகைக் குறி சாதாரண எழுத்தாக வராமல் 223 என்ற எண்ணுள்ள எழுத்தாக வரும்; பைத்தானில் அதைச் சாதாரண ஆஸ்கியாகப் படித்தால் நிரல் விழுந்துவிடும். மற்றொன்று, மவுண்ட் விநாடி வரை விடை தராமல் நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளும் குறைதுல்லிய நிலையில் இருக்கலாம். பெரிய யு கட்டளை அந்த நிலையை மாற்றும்.

நெக்ஸ்டார் முறை வேறு வகை. பெரிய ஈ என்று ஓர் எழுத்து அனுப்பினால் போதும், இரண்டு பதினாறடிமான எண்கள் வரும். முழு வட்டத்தை 65,536 பங்காகப் பிரித்து, எத்தனையாவது பங்கில் நிற்கிறது என்று சொல்கிறது. ஒரு பங்கு ஏறத்தாழ 20 வில்விநாடி. அது போதாதவர்களுக்கு சிறிய ஈ. அதில் ஒரு பங்கு 0.08 வில்விநாடி.

ஆன்ஸ்டெப் எல்எக்ஸ்200 மொழியையே தழுவிக்கொண்டது. ஆகவே பழைய மீட் மவுண்டுக்காக எழுதிய நிரல் பெரும்பாலும் அதிலும் ஓடும்.

இணைப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் தொலைநோக்கி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தள்ளிப் போய் நிற்கிறது. ஏன்?

எவ்வளவு தள்ளி என்று அளந்து பாருங்கள். கிழக்கு-மேற்காக ஏழரை பாகை என்றால், காரணம் நம் நாட்டின் நேரத்தில் இருக்கிறது.

வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அரை மணி நேரத் தவறு 7.5 பாகைத் தவறு. இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். ஆனால் நெக்ஸ்டார் முறையில் கணினியிலிருந்து நேரம் அனுப்பும் கட்டளையில், நேர மண்டலத்துக்கு ஒதுக்கியிருப்பது முழு மணிகளுக்கான ஓர் எண் மட்டுமே. 5 போகும், 6 போகும், ஐந்தரை போகாது. மென்பொருள் "நேரத்தை மவுண்டுக்கு அனுப்பட்டுமா" என்று கேட்டு நீங்கள் சரி என்றதும், கைப்பெட்டியில் நீங்கள் கவனமாகப் பதித்த ஐந்தரை அழிந்துவிடலாம். இதற்கு இரண்டு வழி: மென்பொருளில் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கைப்பெட்டியிலேயே நேரத்தைப் பதியுங்கள். அல்லது நேர மண்டலத்தைப் பூஜ்யமாக வைத்து, கிரீன்விச் நேரத்தையே கொடுங்கள். இரண்டாவதில் தேதியையும் பார்க்க வேண்டும். சென்னையில் அதிகாலை 5:30க்கு முன்னால் கிரீன்விச்சில் முந்தைய நாள்.

மீட் முறையில் அரை மணி அனுப்ப இடம் இருக்கிறது, ஆனால் குறி தலைகீழ். உள்ளூர் நேரத்தோடு எவ்வளவு கூட்டினால் கிரீன்விச் நேரம் வரும் என்று அது கேட்கிறது. ஆகவே நமக்குக் கழித்தல் 5.5.

தீர்க்கரேகையிலும் இதே சிக்கல். சென்னை 80 பாகை 16 நிமிடம் கிழக்கு. பழைய எல்எக்ஸ்200 தீர்க்கரேகையைக் கிரீன்விச்சிலிருந்து மேற்கு நோக்கி 360 வரை எண்ணும். அதன் கணக்கில் சென்னை 279 பாகை 44 நிமிடம். 80 என்று கொடுத்தால், அமெரிக்கக் கண்டத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு வானத்தின் மறுபக்கத்துக்குப் போகப் பார்க்கும். "அடிவானத்துக்குக் கீழே" என்ற விடை அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஊருக்கும் நேரத்துக்கும் பழைய உறவு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் நேரம், கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. இந்திய ரயில்கள் அந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906இல் ஐந்தரை மணி நேரம் நடைமுறைக்கு வந்தது. இன்றும் உங்கள் மவுண்ட், நேரத்தையும் தீர்க்கரேகையையும் வாங்கிக்கொண்டு கணக்குப் போடும்போது அந்த 9 நிமிட வித்தியாசத்தைத் தானே கழித்துக்கொள்கிறது. ஆகவே தீர்க்கரேகையைத் தோராயமாகக் கொடுக்காதீர்கள்.

ஆஸ்காம், இண்டி, ஸ்டெல்லேரியம்: இவற்றில் எது வேண்டும்?

ஸ்டெல்லேரியம் வரைபடம். மற்ற இரண்டும் வரைபடத்துக்கும் மவுண்டுக்கும் இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்கள். விண்டோஸ் என்றால் ஆஸ்காம், லினக்ஸ் என்றால் இண்டி. ஸ்டெல்லேரியத்தின் டெலஸ்கோப் கண்ட்ரோல் இணைப்பு, எல்எக்ஸ்200 மற்றும் நெக்ஸ்டார் மவுண்ட்களோடு நேரடியாகவும் பேசும். ஒரு நிரல் மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்த வழி போதும்.

ஆனால் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடிக்க முடியும். ஸ்டெல்லேரியம் பிடித்திருக்கும்போது கைடிங் நிரல் வந்து கேட்டால் "போர்ட் பயன்பாட்டில் உள்ளது" என்றுதான் வரும். இரண்டு மூன்று நிரல்கள் ஒன்றாக வேண்டும் என்றால் ஆஸ்காமின் டிவைஸ் ஹப் வழியே இணையுங்கள். இண்டியில் இந்தத் தொல்லையே இல்லை. அதன் சர்வர் போர்ட்டைத் தான் பிடித்துக்கொண்டு, 7624 என்ற நெட்வொர்க் போர்ட்டில் எத்தனை நிரல்கள் வந்தாலும் பதில் சொல்லும்.

உபுண்டுவில் கேபிளைச் செருகினால் தோன்றி உடனே மறைந்துவிடுகிறது.

பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், உங்கள் சிஹெச்340 கேபிளைப் பிரெய்ல் கருவி என்று எண்ணி எடுத்துக்கொள்கிறது. உபுண்டு 22.04இல் பலருக்கு நேர்ந்தது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்த நிரலை நீக்கிவிடலாம். கேபிள் தோன்றியும் "அனுமதி இல்லை" என்று வந்தால், உங்கள் பயனர் பெயரை டயல்-அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

வைஃபையில் இணைப்பது கேபிளைவிட நல்லதா?

கண்ணால் பார்க்க வசதி. இரவு முழுவதும் படம் எடுக்க வேண்டாம் என்பேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சுற்றிலும் உள்ள ரவுட்டர்கள் எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலிடுகின்றன.

சின்ஸ்கேன் வைஃபை, தன் சொந்த நெட்வொர்க்கில் 192.168.4.1 என்ற முகவரியில், யுடிபி 11880 போர்ட்டில் கேட்கும். செலஸ்ட்ரானின் வைஃபை 1.2.3.4 என்ற முகவரியில், டிசிபி 2000 போர்ட்டில். இந்த நெட்வொர்க்குகளில் இணையம் இருக்காது. அதைக் கண்டதும் ஆண்ட்ராய்டு போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மவுண்ட் காணாமல் போகும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு இணைத்தால் தீரும்.

ஆட்டோகைடு சாக்கெட்டில் கேமராவை இணைத்தேன். ஸ்டெல்லேரியத்தில் மவுண்ட் தெரியவில்லையே?

தெரியாது. எஸ்டி-4 எனப்படும் அந்தச் சாக்கெட்டில் சீரியலே இல்லை. நான்கு திசைகளுக்கு நான்கு கம்பிகள், ஒரு பொதுத் தரை, அவ்வளவுதான். எந்தக் கம்பி தரையைத் தொடுகிறதோ அந்தத் திசையில் மவுண்ட் மெல்ல நகரும். எங்கே இருக்கிறோம் என்று அது ஒருபோதும் சொல்லாது. சீரியல் இணைப்பு ஏற்கனவே இருந்தால், அதன் வழியாகவே திருத்தக் கட்டளைகளை அனுப்பலாம்; இதற்குப் பல்ஸ் கைடிங் என்று பெயர். ஒரு கேபிள் குறையும். நடுவரை விலக்கத்துக்கு ஏற்றபடி திருத்தத்தை நிரலே கணக்கிட்டுக்கொள்ளும். நான் அதையே விரும்புகிறேன்.

தொலைநோக்கி வேகமாகத் திரும்பும்போது மட்டும் இணைப்பு அறுகிறது.

மின்சாரம். தகவல் கேபிளைத் தொடவே வேண்டாம்.

இரண்டு மோட்டார்களும் முழு வேகத்தில் சுழலும்போது மவுண்ட் சில ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர் ஓடும்போது மின்கம்பியில் அரை ஓம் தடை இருந்தால் 1.5 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 12 வோல்ட் பேட்டரி ஏற்கனவே இறங்கியிருந்தால், மின்சுற்றின் மூளை ஒரு நொடி மயங்கி மீண்டும் எழும். நெக்ஸ்டாரில் "நோ ரெஸ்பான்ஸ் 16" அல்லது "17" என்ற செய்தி வரும்; மோட்டார் பலகையிடமிருந்து கைப்பெட்டிக்கு விடை இல்லை என்று பொருள். தடித்த, நீளம் குறைந்த மின்கம்பி போடுங்கள். பிளக்கின் நடுப்பின் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பையும் மவுண்டையும் வெவ்வேறு அடாப்டர்களில் வைத்திருந்தால், இரண்டையும் அணைத்துவிட்டு, தகவல் கேபிளைச் செருகி, பிறகே இயக்குங்கள். இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சுரீர் என்று உணர்கிறீர்களே, அந்தக் கசிவு மின்னழுத்தம் செருகும் நொடியில் சீரியல் சில்லின் வழியே பாயலாம்.

மொட்டை மாடியில் மவுண்ட், கீழே அறையில் கணினி. எவ்வளவு நீளம் போகலாம்?

யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர். ஆர்எஸ்-232 9600 வேகத்தில் 15 மீட்டர் வரை சிரமமின்றிப் போகும். யுஎஸ்பி மாற்றியைக் கணினிப் பக்கத்தில் வைத்து, நீளத்தை ஆர்எஸ்-232 கம்பிக்குக் கொடுங்கள். டிடிஎல் கம்பியை நீட்டாதீர்கள், ஓரிரு மீட்டரோடு சரி. இதைவிட நல்ல வழி, மவுண்டின் காலிலேயே ஒரு ராஸ்பெரி பையைக் கட்டி அதில் இண்டி சர்வரை ஓடவிட்டு, கீழே வரை ஒரு ஈத்தர்நெட் கேபிள் இறக்குவது. ஒரே ஒரு எச்சரிக்கை: இடிமழை வரும் அறிகுறி இருந்தால் அந்தக் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அதை மாடியில் நிரந்தரமாக விடாதீர்கள்.

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஓராண்டில் சாக்கெட்டுகள் கறுத்துவிட்டன.

உப்புக்காற்று. பின்களின் மேலுள்ள பொன்பூச்சு மிக மெல்லியது. தேய்ந்த இடத்தில் உலோகம் அரிக்கிறது. தொடர்பு விட்டுவிட்டு வருவது இதன் முதல் அறிகுறி. மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பின் செருகுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மிஞ்சிய பொன்னும் போய்விடும். பயன்படுத்தாத சாக்கெட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். கைப்பெட்டியைச் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

காவலூர்ப் பக்கமோ ஏலகிரிக்கோ போகும்போது இணைப்புக்காக என்னென்ன எடுத்துக்கொள்வது?

இரண்டாவது யுஎஸ்பி-சீரியல் கேபிள், அதன் டிரைவரை இணையம் இல்லாமலே நிறுவும் கோப்பு, மல்டிமீட்டர், 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் தொடுக்கச் சிறு கம்பித்துண்டு, உதிரி ஃபியூஸ். காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையின் இருட்டு, சென்னை மாடியில் கிடைக்காத ஒன்று. அங்கே போய் டிரைவர் தேடி இரவைத் தொலைக்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய மாலை வீட்டிலேயே எல்லாவற்றையும் இணைத்து, எக்கோ கட்டளைக்கு விடை வருகிறதா என்று பார்த்து, போர்ட் எண்ணை ஒரு தாளில் எழுதி லேப்டாப்பில் ஒட்டிவிட்டு, அதே யுஎஸ்பி துளையில் செருகுவதற்கு அதன் பக்கத்திலும் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.